ஓடுங் காலும் ஒளிந்த நோவும்

கல்லூரி மைதானத்திலும் கிழக்கு அரியாலை மணற்றரையிலும் ஓடிப் பழகிய எமக்குக் கணைக்கால் நோவு பல்லாண்டு தீராதிருந்தது. ஓடிச் சிறிது நேரத்திற் கால் கல்லாய் இறுகும். நின்றாற் சில நிமிடங்களில் நோவு மறையும். ஆறியிருந்த காலைப் பார்த்தோர் குறையொன்றுங் காணாது, மனப்பிரமை என்றனர். எண்ணெயும் ஒத்தணமும் பயன்றரவில்லை.

இறுதியில், ஓடியவுடன் ஊசியிட்டுத் தசையின் உள்ளழுத்தத்தை அளந்தபோதே காரணம் வெளிப்பட்டது. ஓடுகையிற் குருதி பெருகித் தசை பருக்கும். அதனைப் பொதிந்த உறையோ நெகிழாது. அழுத்தம் ஏற, இரத்தவோட்டங் குறைந்து நோவுண்டாகும். ஓடி ஒரு நிமிடத்தின் பின்னும் அழுத்தம் 30 மில்லிமீற்றர் இரசத்திற்குக் குறையாதிருத்தல் இதற்கோர் அடையாளம். 1956இல் மேவர் என்னும் மருத்துவர், உதைபந்தாட்டக்காரர் ஒருவருக்கு இவ்வுறையைக் கீறி நோவகற்றியமையை எழுதினார்.

மாணவர்காள்! நோவு எப்போது தொடங்கி எப்போது தீர்கின்றதெனக் குறித்து மருத்துவரிடங் கூறுக. ஓட்டத்தின் நோவை ஓடாத காலிற் காணல் அரிது.