விடுதலைக்கு மறுநாள் யார் பொறுப்பு?

"கல்வராயன் மலையில் ஊறல் அழிப்பு" என்ற செய்தி கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஓடையோரத்து பேரல்களில் வெல்லமும் வேலம்பட்டையும் கடுக்காயும் புளித்துக் கிடக்கும். போலீஸார் கவிழ்த்துக் கொட்டுவார்கள், படம் எடுப்பார்கள், எத்தனை லிட்டர் என்று குறிப்பு அனுப்புவார்கள். கொட்டிய ஊறலுக்குக் கணக்கு உண்டு. பிடிபட்ட ஆள் எத்தனை மாதத்தில் அதே ஓடைக்குத் திரும்பினார் என்பதற்குக் கிடையாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது மலையில் காய்ச்சிய சரக்கு அல்ல, மெத்தனால். ஆனாலும், அந்த வழக்கில் முக்கியமாகக் கைதானவர் மீது ஏற்கெனவே பல சாராய வழக்குகள் இருந்தன. சட்டத்தின் கண்ணில் படாத ஆள் அல்ல அவர். பலமுறை பட்டு, பலமுறை வெளியே வந்தவர். குற்றம் தொடர்வதற்குக் காரணம் கைது போதாமை அல்ல, கைதுக்குப் பிறகு எந்தத் துறைக்கும் பொறுப்பு இல்லாமையே என்று நினைக்க இந்த ஒன்றே போதும்.

கருணாபுரத்துக்குப் பிறகு சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, உயிர்ப்பலி ஏற்பட்டால் ஆயுள் தண்டனை, குறைந்தது 10 லட்ச ரூபாய் அபராதம் என்று கடுமையாக்கியது. 1982-ன் குண்டர் சட்டமோ முன்பே கையில் இருக்கிறது. அதில் உள்ளே போகிறவர் ஓராண்டு வரை கடலூர் மத்திய சிறையில் இருப்பார். அந்த ஓராண்டில் வீட்டில் வட்டி ஏறும், பிள்ளையின் படிப்பு நிற்கும். வெளியே வந்தவருக்கு முன்னால் தெரியும் ஒரே தொழில் பழைய தொழில்தான். சாராயத்தை விட்டவர்களுக்குக் கறவை மாடு, பெட்டிக்கடை என்று உதவ மறுவாழ்வு நிதி அரசிடம் இருக்கிறது. அந்தக் கோப்பு ஆட்சியர் அலுவலகத்தில். நன்னடத்தை அலுவலர் சிறைத்துறையில். பழங்குடியினர் நலத்துறை தனி, வங்கி தனி. 'இனித் தப்பு செய்யமாட்டேன்' என்று பிணைப்பத்திரம் எழுதி வாங்குவது கோட்டாட்சியர். ஆளுக்கொரு கோப்பு இருக்கிறது. ஆளைக் கவனிக்க ஆளில்லை. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்து, சாலை முதல் பிழைப்பு வரை கேள்வி கேட்டது. குற்றத்தை வாழ்வாதாரத்தோடு சேர்த்துப் பார்க்க நீதிமன்றம்தான் முன்வர வேண்டியிருந்தது.

இளைஞர்கள் விஷயத்தில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. 2022 ஜூலை 17 அன்று இதே மாவட்டத்தின் கனியாமூரில் நடந்த பள்ளிக் கலவரத்தில் 300-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 18 வயது நிரம்பாதவர்களும் அதில் உண்டு. 18-க்குக் கீழே என்றால் 2015-ன் இளைஞர் நீதிச் சட்டம் துணைக்கு வருகிறது: இளைஞர் நீதிக் குழுமம், நிலையத்துக்கொரு குழந்தைகள் நல காவல் அலுவலர், இல்லத்தைவிட்டு வெளியேறியவனுக்கு 21 வயது வரை பின்தொடர் பராமரிப்பு. ஏட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடைமுறை எப்படி என்பதை 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் ஒரு சிறுவன் இறந்து, ஊழியர்கள் கைதானபோது பார்த்தோம். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, இல்லங்களுக்கென்றே தனித்துறை வேண்டும் என்றது. 19 வயதுக்காரனுக்கோ அந்த ஏற்பாடும் இல்லை. 21-க்கு உட்பட்டவரை, தகுந்த காரணம் எழுதாமல் சிறைக்கு அனுப்பக்கூடாது என்கிறது 1958-ன் நன்னடத்தைச் சட்டம். ஆனால் அது தீர்ப்பு நாளில்தான் உதவிக்கு வரும். ஜாமீனுக்காகக் காத்திருக்கும் பையனுக்கு அல்ல.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1998-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். போலீஸ், நன்னடத்தைத் துறை, கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி எல்லாம் ஒரே குழுவாக இளம் குற்றவாளிகளைக் கவனிப்பது அதன்படி கடமையானது. அங்கே 18-க்கு உட்பட்டு அடைபட்டிருந்தோர் 2000-களில் ஏறக்குறைய 3,000. இப்போது 500-க்கும் கீழே. முழுப் பெருமையும் குழுக்களுக்கே என்று சொன்னால் அது மிகை. சில்லறைத் தவறுகளுக்கு வழக்குப் போடுவதைப் போலீஸ் குறைத்ததும் ஒரு காரணம். நம்மூரிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை: முதல்முறை சிக்கிய 18 முதல் 24 வயதுக்காரர்களுக்காகச் சென்னைக் காவல்துறை மற்ற துறைகளைச் சேர்த்துக்கொண்டு 'பறவை' திட்டத்தைத் தொடங்கியது. மாநகரத்துக்குக் கிடைத்தது தாலுகாவுக்கு வரவில்லை.

'இன்னொரு கமிட்டியா?' என்று கேட்பவர்களின் சலிப்பு நியாயமானது. மாவட்டக் கூட்டங்களில் டீயும் அறிக்கையும்தான் மிஞ்சுகின்றன. அதனால்தான் மாவட்ட அளவு வேண்டாம், உட்கோட்ட அளவு போதும் என்கிறேன்: டிஎஸ்பி, தாசில்தார், நன்னடத்தை அலுவலர், தலைமையாசிரியர், அரசு மருத்துவர், பெயர் பெயராக ஒரு பட்டியல், மாதம் ஒருமுறை, 'இவன் இப்போது எங்கே?' என்ற கேள்வி. 'செத்தவர் குடும்பத்துக்கு என்ன பதில், குற்றவாளிக்குச் சலுகையா?' என்பது அடுத்த கேள்வி. தண்டனையைக் குறைக்க யாரும் சொல்லவில்லை. தண்டனை முடிந்த மறுநாளைத்தான் கேட்கிறோம், அடுத்த சாராயப் பாக்கெட் விற்பனையாகாமலிருக்க. எனக்கு உண்மையிலேயே பயம் தருவது மூன்றாவது ஆட்சேபம்: அந்தப் பட்டியல் ஸ்டேஷனில் ரவுடிப் பட்டியலாக மாறிவிடலாம். எனவே பட்டியல் போலீஸிடம் இருக்கக்கூடாது. சட்டப்பணிகள் குழுவிடம் இருக்கட்டும். சிறாரின் விவரம் எந்தச் சரிபார்ப்புக்கும் போகக்கூடாது; பழைய தவறு எதிர்காலத் தகுதியைக் கெடுக்காது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்கிறது.

இந்த மாதக் கூட்டத்தை இதே மாவட்டத்தின் உளுந்தூர்பேட்டையில் தொடங்கலாம். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து சேலம் சாலை பிரியும் ஊர். வேலை இல்லாத பையன் எந்த ராத்திரியும் பஸ் ஏறி எந்தத் திசைக்கும் போய்விடலாம். இங்கே சிப்காட்டில் 2,302 கோடி ரூபாய் காலணி ஆலைக்கு 2023-ல் ஒப்பந்தமானது. 20,000 வேலை என்றார்கள், அதில் பெரும்பங்கு பெண்களுக்கு. மிச்சத்தில் வழக்கு உள்ள பையனுக்கு ஓரிடமாவது உண்டா, மனு நிராகரிக்கப்படுமா என்பதை அந்தக் கூட்டத்தில் ஆலையின் ஆள்தேர்வு அதிகாரியும் உட்கார்ந்தால்தான் கேட்க முடியும்.