கரையோர ஊர்கள் – 9: தரங்கம்பாடிக்கு ஒரு முழுப் பகல்

வேளாங்கண்ணிக்கும் திருநள்ளாற்றுக்கும் போகிற சுற்றுலா வேன்கள் தரங்கம்பாடியில் அரை மணி நேரம் நிற்கும். கோட்டைச் சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டு, கடலில் கால் நனைத்துவிட்டுக் கூட்டம் மறுபடி ஏறிவிடும். இந்த அவசரத்தின் மேல் எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. அதனால்தான் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு, வேறு எந்த ஊரையும் சேர்க்காமல், ஒரு பகல் முழுவதையும் இதற்கென்றே வைத்துக்கொண்டேன்.

வந்தவர்களில் மூத்தவர் கும்பகோணத்தில் அச்சகம் நடத்தியவர். ஈய எழுத்துக் கோத்துப் பழகிய கை. எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன். இன்னொருவர் பள்ளியில் தமிழாசிரியர். மயிலாடுதுறையில் பேருந்து ஏறினோம். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். இதே தடத்தில் 1926 முதல் 1986 வரை ரயில் ஓடியது. அண்ணன் சின்ன வயதில் அதில் போயிருக்கிறார். “பொறையாறு தாண்டினதும் ஜன்னல்ல உப்புக் காத்து வந்துரும்” என்றார். அந்தப் பாதையை மீண்டும் போடச் சொல்லி இந்த வட்டாரத்து மக்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நியாயமான கோரிக்கை.

ஊருக்குள் நுழைவது 1792-இல் கட்டிய வாயில் வழியாக. வெள்ளையடித்த அந்த வளைவுக்குள் கால் வைத்ததும் ராஜ வீதி நேராகக் கடலைப் பார்த்து ஓடுகிறது. இருபுறமும் தூண் வைத்த பெரிய வீடுகள், 1701-இல் கட்டிய சீயோன் தேவாலயம், எதிரே புதிய எருசலேம் தேவாலயம். இரைச்சல் கிடையாது. எந்தத் திசையில் திரும்பினாலும் அலைச் சத்தம் கேட்கிறது. இப்படியொரு வீதி எப்படிக் கலையாமல் தப்பியது என்று ஆசிரியர் நண்பர் கேட்டார். ஊர் நொடித்ததால்தான் தப்பியது. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று வந்த டேனிஷ்காரர்கள், 1845-இல் இதையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கொஞ்ச காலம் தஞ்சை மாவட்டக் கலெக்டர் இங்கிருந்து நிர்வாகம் நடத்தினார். பிறகு அதுவும் போனது. 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் மிச்சமிருந்த கப்பல் வியாபாரமும் அங்கே நகர்ந்தது. இடித்துப் புதிதாகக் கட்ட யாருக்கும் இங்கே தேவை இருக்கவில்லை.

இரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய மடல் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. அந்த உடன்பாட்டின் பேரில் எழுந்ததுதான் டான்ஸ்போர்க் கோட்டை. மேல்தளத்தில் கவர்னர் குடியிருப்பு. கீழே சரக்குக் கிடங்கும் சமையலறையும் சிறையும். அந்தச் சிறைப் பக்கம் நாங்கள் வெகுநேரம் நின்றோம். காரணம், அதற்குள் இருந்த ஒருவர்.

பார்த்தலோமேயு சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று இந்தக் கரையில் இறங்கினார். மறுநாள்தான் அவருக்கு 24 வயது நிறைந்தது. ஜெர்மானியர், டென்மார்க் அரசர் அனுப்பிய பாதிரியார். உள்ளூர் வாத்தியாரிடம், மணலில் விரலால் எழுதும் பிள்ளைகளோடு உட்கார்ந்து அரிச்சுவடி படித்தார். இரண்டே ஆண்டில் தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதுகிற அளவுக்கு வந்துவிட்டார். கோட்டைத் தலைவரோடு மோதியதில், அவரை அனுப்பிய அதே அரசரின் கோட்டையில் நான்கு மாதம் சிறை கிடந்தார்.

மதமாற்றம் அவர் நோக்கம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தமிழ் அச்சுக்கு இந்த ஊர் பட்ட பாட்டைத் தமிழ் படிக்கிற எவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். போர்ச்சுக்கீசியர் 1578-இலேயே கொல்லத்தில் தமிழை அச்சேற்றினார்கள். பிறகு அந்த முயற்சி அறுந்துபோனது. இங்கே மறுபடி தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறி ஏற்றி வந்த கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். பொறி மீண்டது, அதை இயக்க வந்த அச்சுக்காரர் வழியிலேயே இறந்துபோனார். 1712-இல் ஆளில்லாமல் பொறி மட்டும் கரை சேர்ந்தது. டேனிஷ் படையில் இருந்த ஒரு சிப்பாய்க்கு அச்சு வேலை தெரிந்திருந்ததால் வேலை ஓடியது. தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு வந்தன.

சீகன்பால்கு வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அங்கே பழைய அச்சுப் பக்கத்தின் படி ஒன்றைப் பார்த்ததும் அண்ணன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “என்னப்பா இவ்வளவு பெரிசா இருக்கு! இந்தச் சைஸ்ல ஒரு புத்தகம் போட்டா காகிதம் என்னத்துக்கு ஆகும்?” அவர் கேட்ட கேள்விதான் 1714-இல் இவர்களுக்கும் வந்தது. காகிதம் தீரத் தொடங்கியது. ஆட்லர் என்ற வார்ப்புக் கலைஞர் பக்கத்துப் பொறையாற்றில் சின்ன எழுத்துகளை வார்த்தார். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈயத்தை உருக்கினார்கள் என்று அச்சு வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். காகித ஆலையும் பொறையாற்றிலேயே அமைத்தார்கள். புதிய ஏற்பாடு முழுதும் 1715-இல் தமிழில் அச்சாகி முடிந்தது. அண்ணன் அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை. “தேய்ஞ்ச எழுத்தை உருக்கி நானும் மறுபடி வார்க்கக் குடுத்திருக்கேன். அந்த வாடை இன்னும் மூக்குல இருக்கு” என்று மட்டும் சொன்னார். சீகன்பால்கு 1719-இல், 36 வயதில் இறந்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்திலேயே அடக்கம்.

மதியம் சின்னக் கடை ஒன்றில் சங்கரா மீன் குழம்பும் வறுவலும். வெயில் தாழ்ந்ததும் மாசிலாமணி நாதர் கோயிலுக்கு நடந்தோம். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டு மூத்தது. இதன் கிழக்குப் பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. எஞ்சியதைச் சீரமைத்து, முன்னால் கருங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். கோட்டையை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்கள் இந்த ஊரின் மூத்த பிள்ளையைப் பார்க்காமலே போகிறார்கள்.

கோயிலுக்கு அப்பால் மீனவர் குடியிருப்பு. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். “கோட்டையைப் பாக்க வர்றாங்க தம்பி, எங்க பக்கம் யாரு வர்றா?” என்றார். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்த ஊரில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் குடித்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் இந்தக் குடியிருப்பின் மக்கள், அதிலும் பிள்ளைகளும் பெண்களும். கோட்டைக்கும் பங்களாக்களுக்கும் பழுதுபார்க்க வெளிநாட்டிலிருந்தும் அக்கறை வந்தது, நல்ல காரியம்தான். அதே அக்கறை படகுத்துறைக்கும் இந்தத் தெருவின் குடிநீருக்கும் சாக்கடைக்கும் தொடர்ந்து வர வேண்டும். இவர்கள் இல்லாமல் இது ஊராகாது, வெறும் கட்டடங்கள்தான்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வேன் அமர்த்தும்போது தரங்கம்பாடியை இடையில் செருகாதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, மயிலாடுதுறையிலிருந்தோ காரைக்காலிலிருந்தோ காலையிலேயே பேருந்து ஏறிவிடுங்கள். கோயில் வரை நடங்கள், மீனவர் தெருவில் நின்று இரண்டு வார்த்தை பேசுங்கள். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.