தரகரும் இளைஞர் பணியாளரும்

'இளைஞர் பணி' என்கிற சொல் தமிழில் இன்னும் ஒட்டவில்லை. ஆசிரியர் புரிகிறது, சமூக சேவகர் புரிகிறது. வகுப்பறைக்கு வெளியே இளைஞர்களோடு இருந்து, அடுத்து எங்கே போவது என்பதை அவர்களே முடிவுசெய்யத் துணைநிற்பதை ஒருவர் தொழிலாகவே செய்யலாம் என்றால், "அதுக்குச் சம்பளம் யார் தர்றா?" என்றுதான் கேட்கிறோம். நியாயமான கேள்வி. 1972இல் தொடங்கிய நேரு யுவ கேந்திரங்கள் ஊருக்குள் அனுப்பியது பெரும்பாலும் மதிப்பூதியம் வாங்கும் தொண்டர்களைத்தான். 1993இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் வந்தது. 2012இல் அதற்கென நாடாளுமன்றச் சட்டமும் வந்தது. பட்டம் கிடைக்கிறது. பட்டத்துக்கேற்ற பதவி கிராமத்தில் அரிது.

ஜவ்வாது மலையில் இந்த வேலையை ஒழுங்காகச் செய்த ஒருவர் இருந்தார்: செம்மரத் தரகர். வீடு தேடி வருவார். பையனின் பெயர் தெரியும். வீட்டுக் கடன் எவ்வளவு என்றும் தெரியும். அட்வான்ஸ் கையில் கொடுப்பார், வண்டி ஏற்பாடு செய்வார், சான்றிதழ் எதுவும் கேட்கமாட்டார். தேடிப்போதல், நம்பிக்கை பெறுதல், உடனடித் தேவைக்குப் பதில் தருதல் என்று இளைஞர் பணிக்குச் சொல்லப்படும் லட்சணங்கள் அத்தனையும் அவரிடம் இருந்தன. கூட்டிப்போனவனைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு மட்டும் இல்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக்கொன்ற 20 தமிழர்களில் இந்த மலைக்காரர்களும் உண்டு. மோதல் என்றது காவல்துறை. போலி மோதல் என்றன மனித உரிமை அமைப்புகள். நம் பேச்சிலோ 'கடத்தல்காரர்' என்கிற சொல் சுலபமாக வந்து உட்கார்ந்துகொண்டது. கோடாலி பிடித்தவன் கூலிக்காரன். மரத்தை விற்றவன் வேறு.

சரி, இங்கே ஓர் இளைஞர் பணியாளர் வந்தால் என்ன செய்வார்? முதல் வேலை அநேகமாகச் சாதிச் சான்றிதழ்தான். இங்குள்ள மலையாளிகள் தமிழ் பேசும் பழங்குடிகள் (பெயரைக் கேட்டதும் கேரளத்தை நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்). பழங்குடிப் பட்டியலில் அவர்கள் பெயர் வடஆர்க்காடு, தென்னார்க்காடு, சேலம் என்று பழைய மாவட்டங்களோடு சேர்த்தே இருக்கிறது. வடஆர்க்காடு 1989இல் உடைந்தது, வேலூர் 2019இல் உடைந்தது. இன்று திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று மூன்று மாவட்டங்களுக்குள் கிடக்கிறது மலை. எந்த அலுவலகம், எந்தப் படிவம், கடைசித் தேதி என்ன, விடுதியில் இடம் உண்டா, கீழே போக பஸ் எத்தனை மணிக்கு - ப்ளஸ் டூ முடித்த பையனுக்கு 'வாய்ப்பு' என்பது இவ்வளவும் சேர்ந்ததுதான். 2022இல் வந்த நான் முதல்வன் திட்டம் பயிற்சி தருகிறது. பயிற்சிக் கூடம்வரை கூட்டிவர ஆள் வேண்டும்.

2024 பிப்ரவரியில், புலியூர் மலைக்கிராமத்து ஸ்ரீபதி 23 வயதில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் தேறிய செய்தி வந்தது. பிள்ளை பெற்ற கையோடு போய்த் தேர்வெழுதியதை எல்லோரும் எழுதினார்கள். நானும் நெகிழ்ந்தேன், மறைக்கவில்லை. முதல்வரின் வாழ்த்து தமிழ்வழியில் படித்தவர்களுக்கான முன்னுரிமை அரசாணையைச் சொன்னது. தாயையும் கணவரையும் பாராட்டியது. ஒரு முனையில் அரசாணை, மறுமுனையில் குடும்பம். இடையில் நின்றிருக்க வேண்டிய ஒரு தொழிலின் பெயர் அதில் இல்லை. இல்லையே என்று யாருக்கும் தோன்றவுமில்லை. சுமக்கத் திராணியில்லாத குடும்பத்துப் பெண் என்ன செய்வாள்?

ப்ளஸ் டூ முடிவு வருகிற மே மாதத்தில் ஜமுனாமரத்தூருக்குச் சம்பளத்தோடு ஓர் ஆளை அனுப்பினால் தொடங்கிவிடலாம். ஆறு மாத ப்ராஜெக்ட் என்றால் வேண்டாம். வீடுகளை அறிந்துகொள்ளவே அவ்வளவு நாள் ஆகும்.