காலி ஷாம்பு பாக்கெட் சொல்லும் கணக்கு

புது டில்லியில் 1921இல் எழுந்த கோல் மார்க்கெட்டைச் சுற்றிக் குடியேறிய நம்மவர் இல்லங்களில் ஒரு வழக்கம் உண்டு. விடுமுறைக்கு ஊர் சென்று திரும்புங்கால், அரைத்த சீயக்காய்த் தூளைப் பெட்டியில் பத்திரமாகக் கட்டி வருவோம். ஆண்டுகள் பல சென்றும் அதே தூள், அதே சோப்பு. ஆனால், அத்தூளை நமக்கு அரைத்துத் தந்த கிராமத்து அத்தை வீட்டுக் கிணற்றடி மாடத்திலேயே ஷாம்பு பாக்கெட் இருக்கக் கண்டு நாம் திகைத்ததுண்டு. விளம்பரத்தில் மயங்கிவிட்டார்களே என்று இரங்கியதும் உண்டு. அந்த இரக்கம் தகுமா?

கடலூர்ச் சின்னிகிருஷ்ணன், ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்ற முன்னோடி. கூலி வேலை செய்வோரும் ரிக்‌ஷா இழுப்போரும் வாங்கத்தக்கதாகப் பொருள் இருத்தல் வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் மைந்தர் சி. கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலுடன் தனியே தொழில் தொடங்கினார். தந்தையின் பெயரினின்றே 'சிக்' ஷாம்பு பிறந்தது.

ஷாம்புவை அறியாத சிற்றூர்களில் ஒரு சிறுவனுக்குத் தலை குளிப்பாட்டி, கூடியிருந்தோரைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் செய்தனர். அடுத்து வந்தது நுட்பமான திட்டம். எந்த ஷாம்புவின் காலிப் பாக்கெட் ஐந்து கொடுத்தாலும் ஒரு சிக் பாக்கெட் இலவசம்! பிறர் பொருளை வாங்கியோர் இதனால் இதனையும் பயன்படுத்திப் பார்த்தனர். சின்னாளில் விதி மாறிற்று. சிக் பாக்கெட்டுகள் ஐந்து தந்தால் மட்டுமே இலவசம். முதல் விதி மாற்றத்தை வளர்த்தது; இரண்டாம் விதி பற்றை வளர்த்தது. மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சமாயிற்று என்பர். மல்லிகை, ரோஜா மணங்கள் சேர்ந்தபின் அது மேலும் பெருகிற்று.

இலவசம் ஒருமுறை வாங்கச் செய்யும். மறுமுறை வாங்கச் செய்வது பொருளின் தரமேயன்றோ? பெரிய புட்டி வாங்கியவர், பிடிக்காவிடினும் அது தீரும் வரை பொறுத்தாக வேண்டும். அன்றாடக் கூலியில் ஒரு பாக்கெட் வாங்குபவருக்கோ அந்தக் கட்டாயமில்லை. முடி சிக்கினால், நுரை குறைந்தால், அடுத்த முறை கடைக்காரரிடம் வேறொன்றைக் கேட்பார். ஒவ்வொரு தலைமுழுக்கும் அவருக்கு ஒரு தேர்வு. அத்தேர்வில் வென்ற பொருளிடத்தே அவர் வைக்கும் பற்று, கண்மூடிய பற்று ஆகாது.

நம் பற்று எத்தகையது? நாம் சீயக்காயைச் சோதித்துத் தெளிந்தோம் அல்லோம். அதன் மணத்தில் ஊரைக் காண்கின்றோம். அதுவும் இழுக்கன்று. ஆயினும், அடுத்த முறை அத்தை தூள் கட்டித் தருங்கால், "நீங்கள் ஏன் மாற்றினீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்போம். இரங்குவதினும் அது மரியாதை.