முட்டையின் சூட்டை அளந்தவர்கள்

ஊர்வனவற்றை அடைப்பிடத்தில் வளர்த்து இனம் பெருக்கும் கலை இந்தியாவில் வேரூன்றியதில் சென்னையின் தென்புறநகருக்குப் பெரும் பங்கு உண்டு. ரோமுலஸ் விட்டேக்கர் நிறுவி, 1972-இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்த பாம்புப் பண்ணை, முதலில் தாம்பரத்தை அடுத்த சேலையூரில்தான் தொடங்கப்பட்டது. 1855-இல் தோன்றிய சென்னை உயிரியல் பூங்கா 1985-இல் பெருங்களத்தூருக்கு அடுத்துள்ள வண்டலூருக்கு வந்து சேர்ந்தது. இவற்றுக்கு இடைப்பட்ட 1976-இல், மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் எழுந்த முதலைப் பண்ணையே அறிவியலுக்கு மிகுதியாகப் பங்களித்தது.

சதுப்புநில முதலை மணலில் குழி பறித்து ஏறத்தாழ 25 முதல் 30 முட்டைகள் இடும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மரபுவழி வந்த குரோமோசோம் அன்றி, முட்டை கிடக்கும் மண்ணின் சூடே முடிவு செய்கிறது. இதனை வெப்பநிலை சார்ந்த பால் நிர்ணயம் என்பர். 28 முதல் 31 பாகை செல்சியசில் பெண் குஞ்சுகளே பொரிவதையும், 32.5 பாகையை ஒட்டி ஆண் குஞ்சுகள் பிறப்பதையும், ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், விட்டேக்கர் ஆகியோர் அப்பண்ணையில் செய்து 1989-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒரே பெண் முதலை ஓராண்டில் இருமுறை முட்டையிடக்கூடும் என்பதும் அங்கேயே அறியப்பட்டது. இனப்பெருக்கம் அத்தனை சிறப்பாக நடந்ததால், விடுவிப்பதற்கு ஏற்ற நீர்நிலைகள் இல்லாத நிலையில், பிற்காலத்தில் முட்டைகளைப் பொரியவிடாமல் தடுப்பதும் பண்ணையின் பணியாயிற்று.

சூழலே உயிரின் போக்கை முடிவு செய்கிறது என்னும் இதே விதி, டெரேரியம் எனப்படும் கண்ணாடி வளர்ப்புத் தொட்டிக்கும் பொருந்தும். தென்னிந்தியப் புதர்க்காடுகளுக்குரிய வயலின் கும்பிடுபூச்சி நல்ல வெப்பத்தையும் பறக்கும் இரையையும் வேண்டும். கும்பிடுபூச்சிகள் தலைகீழாகத் தொங்கித் தோலுரிப்பதால், தொட்டியின் உயரம் போதாவிட்டால் உடல் கோணி இறக்கும். தோல்வழியே நீரை உறிஞ்சும் தவளைக்குக் குளோரின் கலந்த குழாய்நீரே நஞ்சாகலாம். உயிரின் தேவையை அறியுமுன் தொட்டியை வாங்குவது கொடுமைக்கே இட்டுச்செல்லும்.

தேவையை அறிந்தாலும் எல்லா உயிரையும் வளர்த்துவிட முடியாது; நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பதை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. கடைகளில் விற்கும் அயல்நாட்டுச் சிவப்புக்காது ஆமையோ, பெரிதானபின் குளத்தில் கைவிடப்பட்டு, உள்நாட்டு ஆமைகளின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொள்கிறது. அத்தகைய ஆமையை வளர்ப்போர் அதனைத் தென்புறநகரின் பீர்க்கன்காரணை ஏரியிலோ வேறெந்த நீர்நிலையிலோ விட்டுவிடாமல், வனத்துறையை அணுகி வழி கேட்க வேண்டும்.