பழம்பெயர் தாங்கிய கருவிகள்

கணினி பழுதுபார்ப்போர்க்கு இன்றியமையாத கருவிகளுள் முதலாவது திருப்புளி. 'திருப்பு', 'உளி' என்னும் இரு சொற்கள் புணர்ந்து பிறந்த பெயர் அது. நுனியில் காந்தமேற்றிய சிறுதிருப்புளி, திருகாணி தாய்ப்பலகையில் நழுவி விழாமல் பற்றிக்கொள்ளும். தப்பி விழுந்ததை எடுக்கப் பொற்கொல்லரின் சாமணம் உதவும். கணினியை இயக்குந்தோறும் நாளும் நேரமும் பிழைபட்டால், 3 வோல்ட் அளவினதாகிய சிஆர்2032 மின்கலம் தீர்ந்ததா என்பதைப் பல்மானி உடனே காட்டும்.

ஜொகூரில் இத்தொழில் பயிலும் நம் இளைஞர் பலர் இக்கருவிகளைப் பிறமொழிப் பெயர்களாலேயே அறிவர். வணிகத்தோடு சென்ற நம் 'கடை', மலாயில் 'கெடாய்' என நிலைத்தது. தொழிலோடு இணைந்த சொல்லே வாழும். ஆதலின், பட்டறையில் கருவியைக் கற்பிக்கும்போதே அதன் தமிழ்ப்பெயரையும் கற்பிப்போமாக.