பட்ஜெட்ல ஒரு 1911 கிடைக்குமா?

யூடியூப்ல "பெஸ்ட் பட்ஜெட் 1911" என்று ஒருமுறை தேடிப் பாருங்க. அப்புறம் ஒரு வாரத்துக்கு உங்க ஃபீட் முழுக்க தாடி வச்ச அமெரிக்க அங்கிள்கள்தான். மேஜை மேல நாலு பிஸ்டல், நானூறு டாலர், ஐநூறு டாலர், எது பெஸ்ட் என்று நம்ம ஊர்ல மொபைல் ரிவ்யூ பண்ற மாதிரி பேசிட்டிருப்பாங்க. அதைப் பார்த்துட்டு "நம்ம ஊர்ல இது எவ்வளவு வரும்?" என்று கேட்காத மெக்கானிக்கல் பையன் நம்ம டிபார்ட்மென்ட்ல குறைவு. அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. கடைக்குப் போய் புது 1911 வாங்க இங்க வழி இல்லை. ஆனா ஏன் இல்லை, அதுக்குப் பதிலா என்ன இருக்கு, அது ஏன் அந்த விலை என்று பார்த்தா நாம படிக்கிற மெஷின் டிசைனும் மேனுஃபாக்சரிங்கும் பாதி அதுக்குள்ளதான் இருக்கு.

முதல்ல 1911 என்றால் என்ன? ஜான் பிரௌனிங் டிசைன் பண்ணி, 1911 மார்ச் 29 அன்னைக்கு அமெரிக்க ராணுவம் ஏத்துக்கிட்ட .45 பிஸ்டல். ஏத்துக்கிறதுக்கு முன்னாடி நடந்த சோதனையில 6,000 ரவுண்டு தொடர்ந்து சுட்டுப் பார்த்தாங்க, ஒரு கோளாறும் வரலை. 1985 வரை அதுதான் அவங்க ராணுவத்தோட பிஸ்டல். இரண்டாம் உலகப் போர்ல இதை அதிகமா தயாரிச்சது யார் தெரியுமா? ரெமிங்டன் ராண்ட் என்ற டைப்ரைட்டர் கம்பெனி, 8 லட்சத்துக்கும் மேல. ரயில்வே சிக்னல் செய்யற கம்பெனி ஒண்ணும் செஞ்சது. சிங்கர், ஆமாங்க அதே தையல் மெஷின் சிங்கர், 500 செஞ்சுட்டு நிறுத்திக்கிச்சு. டிராயிங், டாலரன்ஸ், கேஜ் எல்லாம் சரியா இருந்தா பொருள் என்னன்னு மெஷினுக்குக் கவலை இல்லை. இன்டர்சேஞ்சபிலிட்டி என்று நமக்கு மெட்ராலஜியில சொல்லித் தர்றதுக்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை.

இப்போ மெக்கானிசம். செமி ஆட்டோமேட்டிக் என்றால் ஒரு தடவை ட்ரிகர் இழுத்தா ஒரு குண்டு மட்டும். ஆனா காலித் தோட்டாவை வெளிய தள்ளி அடுத்ததை ஏத்துற வேலையைத் துப்பாக்கியே பாத்துக்கும். அதுக்கான சக்தி சுட்ட தோட்டாவிலிருந்தே வருது. இங்க ஒரு சிக்கல். குண்டு குழலுக்குள்ள இருக்கும்போது உள்ள பிரஷர் உச்சத்துல இருக்கும். அந்த நேரத்துல பின்பக்கம் திறந்துட்டா மெல்லிசான பித்தளைக் கேஸ் கிழிஞ்சு, வாயு சுடுறவர் கை மேலயே வரும். அதனால குண்டு வெளிய போற வரைக்கும் பின்பக்கம் மூடியே இருக்கணும்.

இதுக்கு இரண்டு வழி. ஒண்ணு, பின்னாடி இருக்கிற ஸ்லைடைக் கனமா வச்சு, ஒரு ஸ்பிரிங் போட்டு, அதோட ஜடத்துவத்தை நம்பறது. பூட்டு எதுவும் கிடையாது. இதுக்குப் பேர் ப்ளோபேக். இன்னொண்ணு, குழலையும் ஸ்லைடையும் பல்லுப் பல்லா கோர்த்துப் பூட்டி, இரண்டும் சேர்ந்து கொஞ்ச தூரம் பின்னாடி வந்ததும் குழல் மட்டும் கீழ இறங்கிப் பூட்டு விடுபடற மாதிரி பண்றது. 1911 இந்த இரண்டாவது வகை.

எப்போ எது வேணும்? கணக்கு போட்டுப் பாருங்க. .32 ஏசிபி தோட்டாவோட குண்டு சுமார் 4.6 கிராம், வேகம் நொடிக்கு 275 மீட்டர் அளவுல. உந்தம் 1.27. அதே .45-க்குக் குண்டு 14.9 கிராம், வேகம் 255 மீட்டர் வாக்குல. உந்தம் 3.8. ஏறக்குறைய மூணு மடங்கு. .32-க்கு ஒரு சாதாரண ஸ்லைடே போதும், பூட்டு வேண்டாம். .45-ஐ பூட்டில்லாம செய்யணும்னா ஸ்லைடு இரும்புக் குண்டு மாதிரி ஆயிடும், இல்லன்னா ஸ்பிரிங்கை இழுக்க ஒரு பயில்வான் வேணும். தோட்டாதான் மெக்கானிசத்தை முடிவு பண்ணுது, மெக்கானிசம்தான் மெஷினிங் செலவை முடிவு பண்ணுது.

அப்போ நானூறு டாலர் 1911 எப்படி சாத்தியம்? 1911-ல ஐம்பதுக்கும் மேல பாகங்கள். பூட்டுப் பற்கள், கீழ இருக்கிற லிங்க், கிரிப் சேஃப்டி, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சரியா உட்காரணும். 1980-கள்ல வந்த க்ளாக்குக்கு மொத்தம் 34 பாகங்கள்தான், ஃப்ரேம் பிளாஸ்டிக். நியாயப்படி பழைய டிசைன்தான் விலை அதிகமா இருக்கணும். நல்ல 1911-கள் இன்னைக்கும் விலை அதிகம்தான். விலையைக் குறைச்சவங்க பிலிப்பைன்ஸ்காரங்களும் துருக்கிக்காரங்களும். பேடன்ட் எப்பவோ முடிஞ்சு போச்சு, கூலி குறைவு, சிஎன்சி வந்த பிறகு கையால அரம் போட்டுப் பொருத்துற வேலையும் குறைஞ்சு போச்சு. மிச்ச வித்தியாசம் முழுக்க பிராசஸ்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ காக்களூர் எஸ்டேட்டிலோ இன்-ப்ளான்ட் ட்ரெயினிங் போனவங்களுக்கு இது உடனே புரியும். ஃபோர்ஜிங் பண்ணி அதை மெஷின் பண்ணா கிரெயின் ஓட்டம் நல்லா இருக்கும், ஆனா டையும் செலவு, கழிச்சு எடுக்கிற உலோகமும் செலவு. மெழுகு மாதிரி வச்சு வார்க்கிற இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்ல ஃப்ரேம் கிட்டத்தட்ட கடைசி வடிவத்துலயே வந்துடும், மெஷினிங் நேரம் மிச்சம். சின்னப் பாகங்களுக்கு மெட்டல் இன்ஜெக்‌ஷன் மோல்டிங். உலோகப் பொடியை பைண்டரோட கலந்து அச்சுல அடிச்சு, பைண்டரை எடுத்துட்டு சின்டர் பண்ணுவாங்க. அப்போ 15-லிருந்து 20 சதவீதம் வரை சுருங்கும், அந்தச் சுருக்கத்தைக் கணக்கு பண்ணி அச்சு செய்யறதுதான் திறமை. காஸ்டிங்னாலே மட்டம்னு வீடியோக்கள்ல சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். ஹீட் ட்ரீட்மென்ட் ஒழுங்கா இருந்து, இன்ஸ்பெக்‌ஷன் நேர்மையா நடந்தா காஸ்டிங் ஃப்ரேம் தாராளமா தாங்கும். விலை குறைஞ்ச இடத்துல முதல்ல வெட்டு விழறது பெரும்பாலும் அந்த இன்ஸ்பெக்‌ஷன்லதான். அதைத்தான் பார்க்கணும்.

சரி, இந்தியாவுக்கு வருவோம். இங்க தோட்டாவை முடிவு பண்றது இன்ஜினியர் இல்லை, சட்டம். ஆயுதச் சட்டம் 1959, அதோட விதிகள். ராணுவமும் போலீசும் பயன்படுத்துற 9 மிமீ தோட்டாவைச் சுடக்கூடிய பிஸ்டல் சாதாரண ஆளுக்குக் கிடையாது, அது தடை செய்யப்பட்ட போர். இதுல ஒரு வேடிக்கை. நம்ம ராணுவ பிஸ்டலும் பிரௌனிங்தான். அவர் ஆரம்பிச்சு, அவர் 1926-ல இறந்த பிறகு சேவ் என்ற பெல்ஜிய டிசைனர் முடிச்சு 1935-ல வந்த ஹை பவர். இதை மேற்கு வங்கத்துல இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரி 'பிஸ்டல் ஆட்டோ 9 மிமீ 1ஏ' என்ற பேர்ல செய்யுது. ஊர்வலத்துல இன்ஸ்பெக்டர் இடுப்புல நீங்க பார்த்திருக்க வாய்ப்பு உண்டு. நூறு சதவீதம் கிளாசிக், நூறு சதவீதம் உள்ளூர்த் தயாரிப்பு, ஆனா நமக்கு இல்லை. வெளிநாட்டு .45-க்கு வேற கதவு மூடியிருக்கு. 1980-களோட நடுவுலிருந்து தனியார் துப்பாக்கி இறக்குமதி நின்னு போச்சு. சாதனை படைச்ச துப்பாக்கிச் சுடுதல் வீரர்களுக்கு மட்டும் விலக்கு.

மிஞ்சறது .32. இதுவும் பிரௌனிங் உருவாக்கின தோட்டாதான், 1900-ஆம் வருஷ பெல்ஜிய பிஸ்டலோட பிரபலமானது. பெல்ஜிய பிரௌனிங் என்றதும் நமக்கு மணியாச்சி ஞாபகம் வரணும். 1911 ஜூன் 17, ரயில் பெட்டிக்குள்ள கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்துல செஞ்ச ஒரு பிரௌனிங் பிஸ்டலாலதான். அமெரிக்க ராணுவம் 1911-ஐ ஏத்துக்கிட்டு மூணு மாசம்கூட ஆகலை. அதாவது செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் என்பது அப்போ உலகத்துக்கே புது டெக்னாலஜி, அது தூத்துக்குடிப் பக்கம் ஒரு ஜங்ஷன் வரைக்கும் அதுக்குள்ள வந்துடுச்சு.

லைசென்ஸ் வச்சிருக்கிற ஒருத்தர், ஒரு ஃபேக்டரி முதலாளின்னு வச்சுக்கோங்க, இன்னைக்கு என்ன வாங்க முடியும்? அரசு ஆயுதத் தொழிற்சாலைகளோட .32 பிஸ்டல் 'அசனி' இருக்கு. அசனி என்றால் இடி, தமிழ் அகராதியிலயும் இருக்கிற சொல்தான். பிஸ்டல் வேண்டாம்னா 'நிர்பீக்' ரிவால்வர். 2014-ல பெண்களுக்குன்னு சொல்லிக் கொண்டு வந்தாங்க, எடை 500 கிராம், அப்போதைய விலை 1.22 லட்சம். தன்னைக் காப்பாத்திக்க ஒரு பொண்ணு ஒண்ணேகால் லட்சம் செலவு பண்ணணுமான்னு அப்போ பெரிய விவாதமே நடந்தது, அது நியாயமான கேள்விதான். 2025 செப்டம்பர்லிருந்து பிஸ்டலுக்கும் ரிவால்வருக்கும் ஜிஎஸ்டி 40 சதவீதம். சொந்த உபயோகத்துக்கான விமானமும் யாட்டும் இருக்கிற அதே ஸ்லாப்.

"ஆனா எனக்கு 1911 லுக்தான் வேணும்" என்பவங்களுக்கு இந்தியாவுல ஒரு பழைய வழி இருக்கு. ஸ்பெயின் நாட்டு லாமா. இறக்குமதி நிற்கறதுக்கு முன்னாடி வந்த .32 லாமா பார்க்க அச்சு அசல் குட்டி 1911. பிரிச்சுப் பார்த்தா உள்ள பூட்டுப் பல்லே இல்லை, வெறும் ப்ளோபேக். மேல சொன்ன கணக்குப்படி .32-க்கு அது தப்பும் இல்லை. ஆனா செஞ்ச கம்பெனியே இப்போ இல்லை. புது சப்ளை வராததால ஒரு லைசென்ஸ்தாரர் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்குப் போகும்போது இந்த மாதிரி இம்போர்ட்டட் பிஸ்டல்கள் விலை லட்சக்கணக்குல ஏறுது. வால்தர் என்றால் இன்னும் மோசம். நாப்பது வருஷம் பழைய ஸ்பிரிங், எத்தனை ரவுண்டு சுட்டதுன்னு தெரியாத ஃப்ரேம், ஸ்பேர் கிடைக்காத எக்ஸ்ட்ராக்டர். என் கிட்ட கேட்டா அழகுக்காக லாமாவுக்குப் போறதைவிடப் புது அசனிதான் சரி. பிராசஸ் சுமாராவே இருந்தாலும் மெட்டீரியல் என்னன்னு தெரியும், திருப்பி அனுப்ப ஒரு அட்ரஸ் இருக்கும்.

லைசென்ஸ் விஷயம் சுருக்கமா: வயசு 21 முடிஞ்சிருக்கணும், போலீஸ் விசாரணை உண்டு, ஒருத்தருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். தேர்தல் வந்தா பொதுவா ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லிடுவாங்க. ஹாஸ்டல்ல இருக்கிற ஸ்டூடன்ட்டுக்குத் தற்காப்புன்னு சொல்லி லைசென்ஸ் கிடைக்கும்னு கனவு காணாதீங்க.

இப்போ நான் உண்மையிலேயே சொல்ல வந்த இடம். நம்ம காலேஜைச் சுத்தி லேத் ஷாப் இல்லாத தெருவே இல்லை. நம்மில் நிறையப் பேர் லீவுல அங்க வேலை பார்க்கிறோம், சில பேர் வீட்டு ஷாப்பே அங்கதான். யாராவது ஒரு ஸ்கெட்ச் கொண்டு வந்து, "ஒரு பைப் தான் தம்பி, உள்ள போர் அடிச்சுக் கொடு, டபுள் ரேட்" என்று சொன்னா? கிராஸ் செக்‌ஷனைப் பார்த்ததும் உங்களுக்கு அது என்னன்னு தெரியும். அவருக்கும் தெரியும், அதனாலதான் டபுள் ரேட். ஆயுதச் சட்டத்துல 'ஆயுதம்' என்பதோட விளக்கத்துலயே அதோட பாகங்களும், ஆயுதம் செய்யற மெஷினரியும் சேர்த்தி. முழுத் துப்பாக்கி வேண்டியதில்லை, குழல் மட்டுமே போதும். லைசென்ஸ் இல்லாம தயாரிச்சா 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைஞ்சது ஏழு வருஷம், ஆயுள் வரை போகலாம். ஸ்கெட்ச் கொண்டு வந்தவர் ஓடிடுவார், மெஷின் மட்டும் உங்க ஷாப்லயே இருக்கும். 3டி பிரின்டர்ல ஃபைல் இருக்கு, சும்மா டிரை பண்ணலாமேன்னு நினைக்கிறவங்களுக்கும் இதே சட்டம்தான். ஸ்டீல் கிரேடும் தெரியாம, ப்ரூஃப் டெஸ்டும் இல்லாம ஒரு குழல் வெடிச்சா விரல் யாரோடதுன்னு தனியா சொல்ல வேண்டாம்.

சுடணும் என்ற ஆசைக்கு வழியே இல்லையா? இருக்கு. .177 போர், 20 ஜூலுக்கு மிகாத ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் தேவையில்லை. செமி ஆட்டோமேட்டிக் கிடையாது, ஒவ்வொரு தடவையும் பெல்லட் வைக்கணும். அதனால என்ன, 2024 பாரிஸ்ல மனு பாக்கர் இரண்டு வெண்கலமும் வாங்கினது 10 மீட்டர் ஏர் பிஸ்டல்லதான். நிஜ செமி ஆட்டோமேட்டிக் வேணும்னா 25 மீட்டர் ரேபிட் ஃபயர் .22-ல நடக்குது, 2012 லண்டன்ல விஜய் குமாருக்கு அதுல வெள்ளி. கிளப்ல சேர்ந்து, ஏர் பிஸ்டல்ல ஸ்கோர் காட்டி, அதுக்கப்புறம்தான் அங்க போக முடியும். நம்ம மாவட்டத்துலயே செங்குன்றம்–திருவள்ளூர் ரோட்டுல அலமாதியில ரேஞ்ச் இருக்கு. போறதுக்கு முன்னாடி கிளப் உறுப்பினர் விதிகளைக் கேட்டுட்டுப் போங்க. சொந்தமா வாங்காம முதல் சில மாசம் கிளப் பிஸ்டல்லயே சுடுங்க. வாங்கினா பெட்டியில வச்சுப் பூட்டி, பில்லோட எடுத்துட்டுப் போங்க. கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின்ல வெளிய எடுத்து ரீல்ஸ் போட்டா பக்கத்து சீட் ஆளுக்கு அது ஏர் பிஸ்டலா நிஜமான்னு தெரியாது, ரயில்வே போலீசுக்கும் முதல் பத்து நிமிஷத்துக்குத் தெரியாது.

போட்டியில ட்ரிகர் எடை குறைஞ்சது 500 கிராம் இருக்கணும். பத்துப் பாயின்ட் வட்டத்தோட விட்டம் 11.5 மிமீ, நம்ம ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்னது. பத்து மீட்டர் தள்ளி நின்னு, ஒத்தைக் கையால, 75 நிமிஷத்துல 60 தடவை.